சிறுவயதின் சாதாரண நாட்களை எழுதி வைப்பது எப்படி

வயது ஏற ஏற பலருக்கும் ஒரு ஆசை வரும், சின்ன வயதில் நடந்ததையெல்லாம் உட்கார்ந்து எழுதி வைக்கவேண்டும் என்று. நல்ல நோட்டாகப் பார்த்து வாங்கி, முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பிறந்த இடம், அப்பா அம்மா பெயர், படித்த பள்ளி என்று வரிசையாக எழுதுவார்கள். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிடும். அப்புறம் நோட்டு அலமாரிக்குள் போனால் வெளியே வராது. சோம்பல் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார்கள், ஆனால் காரணம் பெரும்பாலும் சோம்பல் கிடையாது. மனம் எதையும் வருட வரிசையில் அடுக்கி வைப்பதில்லை, அதனிடம் போய் வருட வரிசையில் கேட்டால் கையை விரிக்கத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல், எழுத உட்கார்ந்ததும் ‘முக்கியமாக என்ன நடந்தது’ என்று தேட ஆரம்பிப்பது. பரிசு வாங்கியது, கை உடைந்தது, வீடு மாறியது, யாரோ இறந்துபோனது. இதையெல்லாம் நீங்கள் எழுதாவிட்டாலும் குடும்பத்தில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். யாரும் சொல்லாமல் காணாமல் போகிற விஷயங்கள் வேறு. காலையில் வீட்டில் முதலில் எழுந்தது யார், குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் இருந்ததை எங்கே வைப்பார், அம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடுமா குறையுமா, இரவில் கடைசியாக அணைகிற விளக்கு எது. ஒரு பேரன் முப்பது வருடம் கழித்துத் தேடினாலும் எந்த ஆவணத்திலும் கிடைக்காதவை இவை. அதனால் நான் சொல்வது, சம்பவங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சாதாரண நாளைப் பிடியுங்கள். சம்பவங்கள் அதன் பின்னாலேயே தானாக வரும்.

இதற்கு ஒரு ஆராய்ச்சிப் பின்னணியும் உண்டு. மேரிகோல்ட் லிண்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் தொடங்கி ஆறு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு நிகழ்வுகளையாவது குறித்து வைத்து, பிறகு அவ்வப்போது தன் ஞாபகத்தைத் தானே சோதித்துப் பார்த்தார். ஒரே மாதிரியான காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்போது தனித்தனித் தடவைகள் ஒன்றோடொன்று கலந்துபோய், ‘இது இப்படித்தான் நடக்கும்’ என்ற பொதுவான அறிவாக மாறிவிடுகின்றன என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. பள்ளிக்கு நடந்துபோன ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமையை யாராலும் சொல்லமுடியாது, ஆனால் அந்த வழியில் நாய் எந்தத் திண்ணை ஓரம் படுத்திருக்கும் என்பது ஐம்பது வருடம் கழித்தும் தெரியும். முதலில் எழுதவேண்டியது அந்த நாயைத்தான்.

முதல் வேலை: வீட்டை வரையுங்கள்

எழுதுவதற்கு முன் ஒரு பெரிய வெள்ளைத்தாளில், நீங்கள் சிறுவயதில் இருந்த வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். மேலிருந்து பார்ப்பதுபோல, சுவர்கள், வாசல், ஜன்னல், அறைகள், அவ்வளவுதான். ஓவியம் வரத்தேவையில்லை, அளவும் சரியாக இருக்கவேண்டியதில்லை. வாசலில் இருந்து ஆரம்பித்து உள்ளே நடந்துபோகிற மாதிரியே வரையுங்கள். செருப்பு எங்கே கழற்றினீர்கள், முதல் அறையில் இடது பக்கம் என்ன இருந்தது, ஆணியில் என்ன தொங்கியது, யார் எங்கே படுத்தார்கள், காசு எங்கே இருந்தது, பிள்ளைகள் தொடக்கூடாத பொருள் எங்கே இருந்தது, தண்டனை கிடைத்தால் எந்த மூலையில் நிற்கவேண்டும், அழுவதற்கு எங்கே போவீர்கள். வரையும்போதே ஒவ்வொன்றும் எழும்பி வரும். வந்த உடனே அந்த இடத்தில் ஓரிரு சொல்லில் குறித்துவிட்டு நகருங்கள், விரித்து எழுதுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சில மூலைகள் வெறுமையாகவே இருக்கும். ஒரு அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதை இட்டு நிரப்பாதீர்கள், கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள். அந்த அறைக்குள் நீங்கள் ஏன் அதிகம் போகவில்லை என்பதே சில சமயம் ஒரு நல்ல பக்கமாக எழுதக் கிடைக்கும்.

பல வீடுகளில் வளர்ந்தவர்கள் எதை எடுப்பது? ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை எந்த வீட்டில் இருந்தீர்களோ அதை எடுங்கள் என்பேன். பெரியவர்களுக்கு மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு முன் நடந்தது பெரும்பாலானவர்களுக்கு நிற்பதில்லை. அடுத்த சில வருடங்களிலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். மறுபக்கம், வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக வந்து குவிகின்றன, இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று. இதனால் என்ன ஆகிறது என்றால், சிறுவயதை எழுத ஆரம்பிப்பவர்கள் தங்களை அறியாமல் நாலு பக்கத்தில் கல்லூரிக்கும் முதல் வேலைக்கும் தாவிவிடுகிறார்கள், அங்கேதான் சரக்கு நிறைய இருக்கிறது. கொஞ்சம் பிடிவாதமாக அந்த வீட்டுக்குள்ளேயே நின்றால்தான் சிறுவயது கைக்குக் கிடைக்கும்.

வழக்கமாக என்ன நடக்கும், ஒருநாள் மட்டும் என்ன நடந்தது

இதுதான் மொத்த வேலையின் மையம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரைபடத்தில் ஏதாவது ஒரு இடத்தையும் ஒரு நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக முன்னறை, சாயங்காலம். அங்கே வழக்கமாக என்ன நடக்கும் என்று மட்டும் எழுதுங்கள். வருவார், வைப்பார், ஓடுவோம், ஒளிவோம் என்று அந்த நடையிலேயே. ‘அப்பாவின் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்கும். ரேடியோ சத்தத்தைக் குறைப்போம். அக்கா எழுந்து விளக்கைப் போடுவாள். அப்பா சட்டையைக் கழற்றிக் கதவின் பின்னால் மாட்டுவார், அதற்குப் பிறகுதான் பேசுவார்.’ இவ்வளவுதான் தேவை. உணர்ச்சியை எழுதவேண்டாம், யார் நல்லவர் யார் கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லவேண்டாம். ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்கள் என்பதிலேயே அந்த வீட்டில் அப்பாவின் இடம் என்ன என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் இப்படி எழுதி முடித்த பிறகு உங்களை நீங்களே ஒன்று கேளுங்கள்: இப்படி நடக்காத நாள் ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்கு மனம் பதில் சொல்கிற வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ‘ஒருநாள் சைக்கிள் சத்தம் கேட்டது, ரேடியோவைக் குறைத்தோம், ஆனால் அப்பா உள்ளே வரவே இல்லை.’ வழக்கத்தை முதலில் எழுதியதால்தான் அந்த ஒருநாள் வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறது. நேரடியாக ‘மறக்கமுடியாத நாள் எது’ என்று கேட்டிருந்தால் வழக்கமாகச் சொல்லும் அதே நாலு கதைகள்தான் வந்திருக்கும், அவையும் பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்து வழவழப்பாகிப் போனவை.

காலை எழுந்தது, பள்ளிக்குப் போகும் வழி, வகுப்பறையில் உங்கள் இடம், வீட்டுப்பாடம், விளையாட்டு, துணி துவைத்தது, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தது, மின்சாரம் போன நேரம், விருந்தாளி வந்தது, தூங்கப் போனது. ஒவ்வொன்றுக்கும் முதலில் வழக்கம், பிறகு வழக்கம் தவறிய நாள். காய்ச்சலில் படுத்த நாட்களைக் கண்டிப்பாக எழுதுங்கள், பகலில் வீடு எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் பார்க்கிற நேரமே அதுதான்.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நன்றாக விளையாடினோம்’ என்று எழுதினால் ஒன்றும் எழுதாத மாதிரி. விதிகளை எழுதுங்கள். யார் முதலில் ஆடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள், அவுட் ஆனால் என்ன, தகராறு வந்தால் யார் தீர்ப்புச் சொல்வது, சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சலுகை, சண்டை போட்டுப் பேசாமல் போனவன் திரும்பி வரும்போது என்ன சாக்குச் சொல்வான். தெருவுக்குத் தெரு விதி மாறும், ஒரு தலைமுறைக்குள் அழிந்தும் போகும்.

எழுத எதுவும் வராத நாளில்

ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1879இல் ஒரு காரியம் செய்தார். சொற்களைத் தனித்தனித் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, உடனே மனதில் என்ன தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டே போனார். தோன்றியவற்றில் பெரிய பங்கு அவருடைய சிறுவயதிலிருந்தும் இளமையிலிருந்தும் வந்தவை. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1974இல், அமெரிக்க ஆய்வாளர்கள் அதே முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள், நினைவு பற்றிய ஆய்வுகளில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் செய்ய இதைவிடச் சுலபமானது இல்லை. சாவி, ஈரம், பொய், மாடிப்படி, இருட்டு, கத்தரிக்கோல், பொத்தான், கடன், முடி, தபால் என்று சாதாரணச் சொற்களாகச் சின்னத் தாள்களில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுங்கள். பத்து நிமிடம் கையை எடுக்காமல் எழுதுங்கள், பிழை திருத்தவேண்டாம், அழகு பார்க்கவேண்டாம். ‘அன்பு’, ‘மகிழ்ச்சி’ மாதிரிச் சொற்களைப் போடாதீர்கள், அவை பிரசங்கத்தைத்தான் வரவழைக்கும்.

‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லும் ஐந்நூறு கேள்விகள்’ என்கிற ரகத்தில் அச்சிட்ட நோட்டுகள் விற்கிறார்கள். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை கிடையாது. அதில் இருக்கிற கேள்விகள் பாதி நேர்முகத் தேர்வுக் கேள்விகள் மாதிரி இருக்கின்றன, உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்றால் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

வாசனையை விடாதீர்கள். 2006இல் ஸ்வீடனில் முதியவர்களிடம் நடந்த ஒரு ஆய்வில், சொல்லைக் காட்டியோ படத்தைக் காட்டியோ கேட்டபோது வந்த நினைவுகள் பெரும்பாலும் பதின்ம வயதைச் சுற்றியவை. வாசனையை முகர வைத்துக் கேட்டபோது வந்தவை பத்து வயதுக்கு முந்தையவையாக இருந்தன. மூக்கிலிருந்து வரும் செய்தி மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது என்பதைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், மரத்தூள், பழைய சோப்பு, புதுப் புத்தகத்தின் தாள், நனைந்த கம்பளி, எது உங்கள் வீட்டில் இருந்ததோ அதைத் தேடிப்பிடித்து முகர்ந்து பாருங்கள், ஆனால் பக்கத்தில் பேனா இருக்கட்டும். அந்தத் தெளிவு சில நொடிகள்தான், மூக்கு பழகிவிட்டால் போய்விடும்.

இன்னொரு வழி உயரம். எட்டு வயதில் உலகம் உங்களுக்கு எந்த உயரத்தில் இருந்தது? மேசையின் அடிப்பக்கம் தெரிந்தது, அதில் யாரோ சாக்பீஸால் எழுதிய எண் இருந்தது, பெரியவர்களின் முகத்தைவிட அவர்களுடைய கைகளும் முழங்கால்களும்தான் அதிகம் கண்ணில் பட்டன. தரையில் உட்கார்ந்து, முடிந்தால், ஒரு அறையைப் பத்து நிமிடம் பாருங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் போதும்.

கைகளுக்கும் தனி ஞாபகம் உண்டு. சட்டைப் பொத்தான் தைப்பது, பம்பரத்தில் கயிறு சுற்றுவது, பழைய பூட்டை ஒரு தினுசாகத் தூக்கித் திறப்பது, இவற்றை வாயால் சொல்லவராது, கையால் செய்துகாட்ட வரும். செய்துகொண்டே யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த வருடம் என்று தெரியாவிட்டால்

விட்டுவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு தாளில் நாலு பத்தி போட்டு, என் வயது, எந்த வகுப்பு, எந்த வீடு, வீட்டில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டால் முக்கால்வாசி நினைவுகளை அதில் ஏதாவது ஒரு வரிசையில் பொருத்திவிடலாம். தம்பி பிறப்பதற்கு முன்பா பின்பா, பாட்டி அப்போது நடமாடினாரா, அரைக்கால் சட்டையா முழுக்கால் சட்டையா, இப்படிப் பார்த்தால் இரண்டு வருட இடைவெளிக்குள் வந்துவிடும். அதற்குமேல் துல்லியம் வேண்டுமென்றால் பள்ளிச் சான்றிதழ், கடிதத்தின் தபால் முத்திரை, புகைப்படத்தின் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோ முத்திரை இதெல்லாம் உதவும். ஆனால் வருடம் தேடப் போய் எழுத்தை நிறுத்தாதீர்கள்.

நினைவு பொய் சொல்லும், அதற்கு என்ன செய்வது

சொல்லும். அதுவும் நம்பிக்கையோடு சொல்லும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974இல் செய்த சோதனையில், கார்கள் மோதும் ஒரே படத்தைப் பார்த்தவர்களிடம் வேகத்தைக் கேட்டார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலைவிட ‘நொறுங்க மோதியபோது’ என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த வேகம் கூடுதல், ஒரு வாரம் கழித்து அந்த இரண்டாவது கூட்டத்தில் அதிகம் பேர் படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். 1995இல் அவரும் அவருடைய மாணவி ஒருவரும் 24 பேரிடம், சிறுவயதில் கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக ஒரு இட்டுக்கட்டிய கதையை, குடும்பத்தார் சொன்ன உண்மைக் கதைகளோடு கலந்து கொடுத்தார்கள். கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் அந்தப் பொய்க் கதையை முழுதாகவோ பாதியாகவோ தங்களுக்கு நடந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எழுதவே பயப்படவேண்டாம். செய்யவேண்டியது எளிது. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள்: நானே பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, புகைப்படத்தில் பார்த்தது, ஊகம். குறிப்பாக மூன்றாவதைப் பிரித்து வையுங்கள். ஒரே புகைப்படத்தைப் பத்து முறை பார்த்தால் அந்த நாளே ஞாபகம் இருப்பதுபோல் ஆகிவிடும், ஆனால் நினைவில் நீங்கள் உங்களை வெளியிலிருந்து, கேமரா நின்ற இடத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

அண்ணன் தங்கைகளிடம் கேட்பதென்றால் உங்களுடையதை எழுதி முடித்த பிறகு கேளுங்கள். முதலில் கேட்டுவிட்டால் அவர்கள் சொன்னது உங்கள் நினைவுக்குள் நுழைந்துவிடும், பிறகு எது யாருடையது என்று பிரிக்கமுடியாது. அவர்கள் சொல்வது முழுக்க வேறாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். ‘கண்ணாடியை உடைத்தது நான் இல்லை, நீதான்’ என்று அறுபத்தைந்து வயதில் ஒரு சண்டை நடக்கும். பஞ்சாயத்து வைக்கவேண்டாம். இரண்டு கதையையும் யார் சொன்னது என்று போட்டு அடுத்தடுத்து எழுதுங்கள். ஒரே வீட்டில் வளர்ந்தாலும் மூத்த பிள்ளையின் வீடும் கடைசிப் பிள்ளையின் வீடும் வேறுவேறு.

உங்களைவிட மூத்தவரிடம் கேட்டு எழுதும்போது

பெரியவர்கள் பழைய கதையையே பேசுகிறார்கள் என்று சலித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. மூளை மங்குவதன் அடையாளம் என்றுகூட ஒரு காலத்தில் மருத்துவர்கள் நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்தான் 1963இல், முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, மனதுக்குத் தேவையான வேலை என்று எழுதினார். ஆகவே அவர்கள் பேசட்டும். நீங்கள் செல்போனை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அனுமதி கேளுங்கள், தெரியாமல் பதிவு செய்யாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் குறையுங்கள், மனிதக் காது அந்தச் சத்தத்தை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. செல்போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழம் தூரத்தில் வையுங்கள், வெறும் மேசையில் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் பதிவாகும். ஒரு நிமிடம் பதிவு செய்து போட்டுக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டவேண்டாம், அவர் சோர்ந்துவிட்டார் என்பதை அவர் சொல்லமாட்டார், பதில்கள் சுருங்குவதை வைத்து நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

‘உங்க சின்ன வயசு எப்படிப் போச்சு?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் போச்சு’ என்று பதில் வரும், கதை முடிந்தது. ‘காலையில உங்களை யார் எழுப்புவாங்க பாட்டி? பேர் சொல்லியா, தட்டியா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேசி நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். நூறு முறை கேட்ட கதையை மறுபடி ஆரம்பித்தால் தடுக்காமல் கேட்டுவிட்டு, பக்கவாட்டில் இருந்து ஒரு கேள்வி போடுங்கள்: ‘அப்போ உங்க பக்கத்துல யார் நின்னாங்க?’, ‘கால்ல செருப்பு இருந்துதா?’ சொல்லிப் பழகிய கதையில் இந்த இடங்களெல்லாம் இல்லை, அதனால் அவர் மறுபடி யோசித்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கும். தேதியும் பெயரும் தப்பாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள்.

மறதி நோய் உள்ளவரிடம் முறை கொஞ்சம் மாறும். சமீபத்தியவை முதலில் போவதும் பழையவை அதைவிட நாள் தாங்குவதும் பொதுவாக நடப்பது, பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881லேயே இதை எழுதிவிட்டார். காலையில் யார் வந்தது என்று தெரியாதவருக்கு எட்டு வயதில் கிணற்றடியில் நடந்தது தெரிந்திருக்கலாம். ஆனால் ‘ஞாபகம் இருக்கா? நான் யார் சொல்லுங்க பார்ப்போம்’ என்று பரீட்சை வைக்காதீர்கள், தெரியாமல் போகும்போது அவர் படுகிற அவமானத்துக்குப் பிறகு எதுவும் வராது. கையில் ஒரு பொருளைக் கொடுங்கள், பழைய துணி, ஒரு சாவி, அவர் வேலை செய்த கருவி. அல்லது அவர் இளவயதில் கேட்ட பாட்டைப் போடுங்கள். என்ன வருகிறதோ வரட்டும்.

வலிக்கிற இடங்கள்

எழுத எழுத அவையும் வரும். அடி, அவமானம், ஒரு மரணம், யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று. எழுதித்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எழுத நினைத்தால் சின்ன அளவில் எழுதுங்கள். மனவேதனை தந்த நிகழ்வுகளை எழுதுவது பற்றி ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள் என்றுதான் வைத்திருந்தார். எழுதிய உடனே மனம் கனப்பது சாதாரணம், அதனால் தூங்கப் போகும் முன் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். நாட்கணக்கில் தூக்கம் கெட்டு அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள்.

மற்றவர்களுடைய ரகசியம் உங்கள் நினைவில் இருக்கலாம், அது உங்களுடையது ஆகிவிடாது. உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால் அவரிடம் கேளுங்கள், கேட்கமுடியாவிட்டால் தனி உறையில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவதற்கு முன் இன்னொரு நாள் யோசியுங்கள்.

நடை பற்றி இரண்டே விஷயம்

‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்ற வரியை எங்கே எழுதினாலும் அடித்துவிடுங்கள். அந்தக் காலத்தில் பயந்ததும் சலித்ததும் போரடித்ததும் உண்டு, சொல்லப்போனால் சிறுவயதில் பாதி நேரம் பெரியவர்களுக்காகக் காத்திருந்ததுதான். காத்திருந்ததை எழுதுங்கள்.

அப்புறம், வீட்டில் பேசிய மாதிரியே பேச்சை எழுதுங்கள். வசவு இருந்தால் வசவு. செல்லப்பெயர், பொருட்களுக்கு வீட்டில் மட்டும் வழங்கிய பெயர், யாருக்கும் புரியாத குடும்ப ஜோக், எல்லாவற்றையும் அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். கை நடுங்கி எழுதமுடியாதவர்கள் செல்போன் கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தட்டித் தமிழிலேயே பேசினால் ஓரளவு எழுத்தாகிவிடும், பெயர்களைத் தப்பும் தவறுமாகப் போடும், அதைப் பிறகு யாரையாவது வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

பத்திரப்படுத்துவது

புகைப்படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள், இடமிருந்து வலமாக யார் யார் என்று. ‘மாமா’, ‘பெரியம்மா’ என்று மட்டும் போட்டால் இன்னொரு தலைமுறைக்குப் புரியாது, முழுப்பெயர் வேண்டும். பசை தடவிய பக்கங்களில் பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பங்களில் படங்கள் இருந்தால் ஸ்கேன் செய்துவிடுங்கள், அந்தப் பசை நாளாக நாளாகப் படத்தையே தின்னும். சின்னப் படங்களை 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். பழைய கேசட்டுகளில் குரல் ஏதாவது இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கணினிக்கு மாற்றுங்கள், காந்த நாடா வீணாகிக்கொண்டே இருக்கும், அதை ஓட்டும் கருவியும் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது.

ஒலிப்பதிவை வேவ் (WAV) என்ற கோப்பு வடிவத்தில் வைத்தால் தரம் குறையாது, ஒற்றை ஒலித்தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பி சுமாருக்கு வரும். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள், பேசியவர், பொருள் என்ற வரிசையில் வையுங்கள், தானாகவே வரிசைப்படும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில். கணினி ஆட்கள் பின்பற்றும் பழைய விதி இது. பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போவதில் அர்த்தம் இல்லை, இன்னொருவருக்கும் தெரியட்டும்.

முப்பது நாற்பது பக்கம் சேர்ந்ததும் அச்சடித்துவிடுங்கள். முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இது முடிகிற வேலை கிடையாது. எழுத்து பெரிதாக, தாளின் ஒரு பக்கம் மட்டும், வலது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டு அச்சடித்து, கூடப் பிறந்தவர்களுக்கும் பழைய நண்பர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, கூடவே ஒரு பென்சிலையும் கொடுங்கள். பாராட்டு கேட்காதீர்கள். ‘எங்கெல்லாம் தப்பு இருக்குன்னு ஓரத்துல எழுதிக் குடுங்க’ என்று சொல்லுங்கள், பாராட்டச் சொன்னால் பேசாமல் இருப்பவர்கள்கூடத் திருத்தச் சொன்னால் உட்கார்ந்து எழுதுவார்கள்.